மலைக்கு முன்னால் ஊசி

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை ஆளாக்கியவள். ஆம்பூர் தோல் கம்பெனியில் உழைத்த என் வீட்டுக்காரருக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் வந்தது. ஊசி போட்டதில் கட்டி சுருங்கியது. உடனே, சோளிங்கர் மலையில் மொட்டை போட்டு வேண்டுதலை முடித்துவிடலாம் என்றார். மொட்டை போட்டுவிட்டால் நோய் தீர்ந்தது என்று ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டாரே என்று எனக்குப் பயம். டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

"தாத்தா, கட்டியில வேர் மாதிரி கொஞ்சம் செல்லுங்க இருக்குது. ஊசிக்குச் சாகாம தூங்கும். அதுங்கதான் மறுபடி கட்டிய வளர்க்கும்னு சொல்றாங்க. ஊசி, டெஸ்ட் எதையும் விடக்கூடாது" என்றார் அவர், இவரைப் பார்த்து.

"அப்ப சாமிக்கு இன்னா பதில் சொல்றது?" என்றார் இவர்.

"வருசா வருசம் முடி தர்றேன்னு சொல்லுய்யா. உன் தலையில இருக்கிறதே கம்மி, சாமி கோச்சிக்காது. ஆனா மொதல்ல ஊசி, அப்புறம்தான் மலை" என்றேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். இவரும் தலையாட்டினார்.

போன மாதம் மூன்றாவது மொட்டையும் ஆனது. அந்த மகராசிக்கும் மலைமேல் இருப்பவனுக்கும் என் கும்பிடு. நானே எழுதியது, என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். பேத்திக் கண்ணு, இதை உரக்கப் படி. சாப்பிட்டுவிட்டு உள்ளே படுத்திருக்கும் தாத்தா காதிலும் விழட்டும்.