திரும்பப் பெற்ற கையெழுத்து

ஸ்டுட்கார்ட்டில் எனக்குக் கிடைத்த மரியாதை முழுவதும் கடிதங்களால் வந்தது. ஊரில் நான் கணித ஆசிரியர். இங்கே இருபத்தாறு வருடம் ஒரு தொழிற்சாலையில் உதிரிப்பாகங்களைப் பெட்டிகளில் அடுக்கினேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால், சனம் காகிதங்களோடு வந்து நிற்கும். "அண்ணை, இந்த அன்ட்ராக் விண்ணப்பத்தை ஒருக்காப் பாருங்கோ. இவங்கள் என்ன கேக்கிறாங்களெண்டு விளங்கேல்லை." வேலை அலுவலகத்துக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மற்றவர்களுக்காக எத்தனையோ கடிதங்கள் எழுதிக் கொடுத்தேன். ஒரு சதமும் வாங்கியதில்லை. அந்தப் பெருமை எனக்கு இருந்தது.

நான் எழுதியவற்றில் மிகச் சிறிய கடிதம் மூன்று வரி. அதை என் மகளுக்கு எதிராக எழுதினேன்.

பதினான்கு வருடங்களுக்கு முன்பு நடந்தது. மகளுக்கு அப்போது பதினேழு. பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்துக் குளிர்கால முகாமில் ஸ்னோபோர்ட் என்ற பனிச்சறுக்குப் பலகையில் ஏறியவள், அதன்பிறகு இறங்கவில்லை. ஒரு கழகத்தில் சேர்ந்தாள். அங்கே அவளுக்குப் பயிற்சி கொடுத்தவள் முப்பது வயதுள்ள ஒரு ஜேர்மன் பெண். வார நாட்களில் தச்சு வேலை செய்வாள். நான்கு குளிர்காலம், சனிக்கிழமை தோறும் விடிய ஐந்து மணிக்கு எங்கள் வாசலுக்குத் தன் பழைய வான் வண்டியைக் கொண்டுவந்து மகளை ஏற்றிப் போவாள். ஹோர்ன் அடிக்க மாட்டாள், அயலவர் எழும்பிவிடுவார்கள் என்று. நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாளும் இறங்கிப் போய் ஒரு கோப்பை தேநீர் கொடுத்ததில்லை.

அந்த வருடம் பனி முடிகிற காலத்தில், ஆல்கொய் மலையில் மூன்று நாள் விழா ஒன்றுக்கு மகள் தெரிவாகியிருந்தாள். மேலே ஸ்னோபோர்ட் போட்டி, கீழே பாட்டு மேடை. பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோரின் சம்மதக் கையெழுத்து வேண்டும். நான் வாசித்துப் பார்த்துத்தான் போட்டேன். தாளைப் பயிற்சியாளர் வாங்கிப் போனாள். பதினெட்டாவது பிறந்தநாளுக்கு மூன்று வாரமே இருந்தது.

"அப்பா, சனிக்கிழமை ஃபினாலே. நீங்கள் கட்டாயம் வரோணும்" என்றாள் மகள். "அம்மாட்டைச் சொல்லி மீன் பற்றிஸ் கொண்டு வாங்கோ. எங்கட ட்ரெய்னருக்கு விருப்பம்."

மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் சனி, ஞாயிறு வேலை. அவள் மாவுக்குள் மீன் வைத்து மடித்து நாற்பது பற்றிஸ் பொரித்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கித் தந்தாள். எனக்கு வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தது. சொல்லாமல் ஒரு நாள் முன்னதாகப் போய் மகளை மகிழ்விக்கலாம் என்று நினைத்தேன். ரயிலில் போய், பஸ் மாறி, மத்தியானம் போய்ச் சேர்ந்தேன்.

நான் எதிர்பார்த்தது ஒரு விளையாட்டு மைதானம். கண்டது வேறு. வெயிலில் இளகிக் குழைந்த பனியில் நீளமான மேசைகளும் வாங்குகளும் போட்டிருந்தார்கள். ஒருவன் கரடி வேடத்தில் பியர் குடித்துக்கொண்டிருந்தான். மேடையிலிருந்து வந்த பாட்டின் அடி நெஞ்சுக்குள் கேட்டது. நெரிசலில் ஒரு மேசையின் மூலையில் இடம் கிடைத்தது. எதிரே இரண்டு இளைஞர், தமிழ்நாட்டிலிருந்து வந்த இஞ்சினியர்கள். பனி பார்க்க வந்திருந்தார்கள். தமிழ் முகம் கண்ட சந்தோஷத்தில் பெட்டியைத் திறந்து நீட்டினேன்.

"அங்கிள், சூப்பர். உள்ள ஃபிஷ்ஷா? வீட்ல செஞ்சதா?"

"ஓம், மனுசி செய்தவ. எடுங்கோ, எடுங்கோ."

அப்போதுதான் அவர்களில் ஒருவன் என் தோளுக்கு மேலால் பார்த்துவிட்டு மற்றவனை இடித்தான். "மச்சி, அந்த ஊதா ஜாக்கெட்டைப் பாரு. நம்ம ஊர்ப் பொண்ணு மாதிரி இல்ல?"

"சிலோன் பொண்ணா இருக்கும்டா."

நான் திரும்பினேன். மகள் ஒரு வாங்கின் மேல் நின்று ஆடிக்கொண்டிருந்தாள். தலைமுடி விரிந்து கிடந்தது. கையில் ஒரு குவளை. பக்கத்தில் ஒரு ஜேர்மன் பையன் அவள் விழாமல் இருக்கவோ என்னவோ இடுப்பில் கை வைத்திருந்தான். கழகத்துப் பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அன்று காலைத் தெரிவுச் சுற்றில் அவள் இரண்டாவதாக வந்திருந்தாள் என்பதும், அந்த ஆட்டம் அதற்கான கொண்டாட்டம் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும்.

"அப்பன்காரன் எங்கயாவது கோயில்ல அர்ச்சனை பண்ணிட்டு இருப்பான், பாவம்" என்றான் முதலாமவன், என் மனைவியின் பற்றிஸை மென்றுகொண்டே. இருவரும் சிரித்தார்கள். "அங்கிள், உங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணா?"

"இல்லை. தெரியாது" என்றேன்.

பெட்டியை மூடிக்கொண்டு எழுந்தேன். பஸ் நிலையத்துக்குப் போயிருக்கலாம். மகளிடம் போய் இரண்டு வார்த்தை ஏசியிருக்கலாம், அதுகூடப் பரவாயில்லை. நான் போட்டிக்காரரைப் பதியும் கொள்கலன் அறையைத் தேடிப் போனேன். படிக்கட்டில் உட்கார்ந்து, பையில் எப்போதும் வைத்திருக்கும் எழுதுதாளில் எழுதினேன். என் மகளின் பங்கேற்புக்கு நான் கொடுத்த சம்மதத்தை இத்தால் திரும்பப் பெறுகிறேன். காரணம் பாதுகாப்புக் குறித்த கவலை. உடனடியாக நடைமுறைப்படுத்தவும்.

பாதுகாப்பு என்பது பொய். கழுத்து முறிந்துவிடும் என்று பயந்திருந்தால் முதலிலேயே கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். பல வருடம் எனக்கே அந்தக் காரணத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

உள்ளே இருந்த பெண் தாளை இரண்டு தரம் வாசித்தாள். "மகளோடு பேசிவிட்டீர்களா?" என்று ஜேர்மனில் கேட்டாள்.

"பேசிவிட்டேன்" என்றேன். "அவளுக்கு நீங்கள் காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். அது எங்கள் குடும்ப விஷயம்."

அன்று ஒரு விருந்தினர் விடுதியில் தங்கினேன். சனிக்கிழமை காலை, அப்போதுதான் ரயிலில் வந்தவன் போல மலையடிவாரத்துக்குப் போனேன். மகள் ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். மார்பில் போட்டி எண் கட்டியிருந்தாள். "அப்பா, முன்னுக்கு உங்களுக்கு இடம் பிடிச்சு வைச்சிருக்கிறன். பற்றிஸ் எங்கை?" பெட்டியைத் திறந்து பார்த்தாள். "என்ன, ரயிலிலையே பாதியை முடிச்சிட்டீங்களோ?" சிரித்துக்கொண்டே பலகையைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள்.

அவள் பிடித்து வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன். எண்கள் அழைக்கப்பட்டன. ஒவ்வொருத்தியாக அந்தப் பெரிய பனி மேட்டில் ஏறிப் பறந்து, சுழன்று, இறங்கினார்கள். மேலே தொடக்கக் கோட்டில்தான் அவளைத் தடுத்திருக்கிறார்கள்; அவளுடைய எண்ணைத் தாண்டி அடுத்த எண்ணை அழைத்தார்கள். சிறிது நேரத்தில், பாதையின் ஓரமாக, பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மகள் நடந்து வந்தாள். குழைந்த பனியில் நடப்பது சிரமம். இரண்டு தரம் கால் புதைந்து விழுந்து எழும்பினாள். அவள் நேரே பயிற்சியாளரிடம் போனாள்.

"என் தாள் சரியில்லையாம். சம்மதம் இல்லையாம். இனிக் கொடுத்தாலும் ஏற்க மாட்டார்களாம். நீதானே கொடுத்தாய்? ஒரே ஒரு தாள். அதைக்கூடவா மறந்தாய்?" ஜேர்மனில், எல்லோருக்கும் கேட்கக் கத்தினாள்.

பயிற்சியாளர் உடனே கொள்கலன் அறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் மகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெள்ளையாக, மிச்ச முகம் வெயிலில் கறுத்திருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நான் பெட்டியை நீட்டினேன். அவள் எடுக்கவில்லை.

"நான் அவளிடம் சொல்ல மாட்டேன். நான் சொன்னால் அது வேறு மாதிரி ஆகிவிடும். நீங்கள் சொல்லுங்கள். இன்றைக்கே."

"ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஜேர்மனிலும் சொன்னேன்.

திரும்பும் ரயிலில் மகள் யன்னலில் தலை சாய்த்திருந்தாள். நான் சொல்ல வேண்டிய இடம் அதுதான். இரண்டரை மணி நேரம் இருந்தது. உல்ம் நிலையம் வரும்போது அவளே பேசினாள். "நாலு வருஷம் அப்பா. அவ எனக்கு அக்கா மாதிரி. எப்பிடி மறந்தவ?"

"விடு பிள்ளை. அவை எங்கட ஆக்கள் இல்லைத்தானே. முழுக்க நம்பப்படாது" என்றேன்.

கடிதத்தைவிட இதுதான் பெரிய பாவம் என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை ஐந்து மணிக்கு வான் வந்தது. மகள் கட்டிலால் எழும்பவில்லை. அது கால் மணி நேரம் நின்றுவிட்டுப் போனது. அதற்கடுத்த கிழமையும் வந்தது. பிறகு வரவில்லை. கோடையில் மகள் பலகையை விற்றாள். இலையுதிர்காலத்தில் பயிற்சியாளரிடமிருந்து என் பெயருக்கு ஒரு தபாலட்டை வந்தது. "அவளிடம் சொன்னீர்களா?" என்ற ஒரு கேள்வியும், அவளுடைய கிராமத்து முகவரியும். மண்டபத்தில் வரிசையில் நின்றவர்களின் கடிதங்களுக்கெல்லாம் இரண்டு நாளில் பதில் எழுதியவன், இந்த ஒன்றுக்கு எழுதவில்லை. அகராதிக்குள் வைத்தேன். மனைவி ஒன்றும் அறியாமலே நான்கு வருடங்களுக்கு முன்பு போய்ச் சேர்ந்தாள்.

இந்தக் குளிர்காலம் மகள் தன் ஏழு வயதுப் பிள்ளையோடு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தாள். பிள்ளையின் பையில் பள்ளிக்கூடத்துப் பனி முகாமுக்கான சம்மதத் தாள் இருந்தது. "இதுக்கு நான் போடமாட்டன் அப்பா" என்றாள். "பிள்ளை அந்த ட்ரெய்னர்மாரோடை நல்லா ஒட்டும். பிறகு ஒரு நாளைக்கு விட்டிடுவினம். எனக்குத் தெரியும்தானே."

பிள்ளை பக்கத்து அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தது. நான் சொன்னேன். இஞ்சினியர்கள், படிக்கட்டு, ரயில், தபாலட்டை, எல்லாம். மகள் சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கை காய்ந்து போயிற்று.

"அந்தத் தாளிலை என்ன எழுதினனீங்கள்? சொல்லுங்கோ."

மூன்று வரியும் எனக்கு மனப்பாடம். ஜேர்மனில் சொன்னேன்.

"நல்ல ஜேர்மன்" என்றாள்.

எழும்பிக் கை கழுவினாள். அகராதியிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன். முகவரியைத் தன் கைபேசியில் படம் பிடித்துவிட்டு அட்டையை மேசையில் வைத்தாள். "நீங்கள் எழுதுங்கோ அப்பா. நான் எனக்குத் தெரிஞ்சதைச் செய்யிறன்."

அன்றே எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கத்துக்கு ஒன்பது நாள் எடுத்தது. அனுப்பிய கடிதம், பெறுநர் அந்த முகவரியில் இல்லை என்ற மஞ்சள் ஒட்டுத்தாளோடு திரும்பி வந்தது.

மகளுக்குக் கடிதம் தேவைப்படவில்லை. அவள் அந்தக் கிராமத்துக்கே போய் விசாரித்துத் தேடியிருக்கிறாள். போன ஞாயிறு, பிள்ளையை என்னிடம் விட வந்தபோது, வாசலில் நின்றே சொன்னாள். "அவவைக் கண்டனான்."

"சுகமா இருக்கிறாவோ? என்ன சொன்னவ?"

மகள் பிள்ளையின் தொப்பியைக் கழற்றி என் கையில் தந்தாள். "அது எனக்கும் அவவுக்கும் இடையிலை, அப்பா. உங்களுக்கில்லை."

படியிறங்கிப் போனாள். பிள்ளையின் பையில் சம்மதத் தாள் இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். கீழே, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற வரியில் வழக்கமாக என் பெயர்தான் இருக்கும். அன்று அந்த இடத்தில் ஒரு ஜேர்மன் பெண்ணின் பெயர் இருந்தது. என் கடிதத்தின் உறையில் நான் எழுதியிருந்த அதே பெயர்.