அம்மா பறிக்காத கொழுந்து

பாரிஸில் ஒரு தேநீர்க் கடையின் பின்பக்கத்தில் ஆறு வருடங்களாகக் கோப்பை கழுவினேன். எப்படியாவது முன்மேசைக்குப் போய்த் தேநீர் ஊற்ற வேண்டும் என்பதே என் ஆசை. ஈரத்தில் விரல்கள் வெடித்திருந்தன. தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் தெருவில் யாராவது அண்ணை, "இன்னும் கோப்பைதானோ?" என்று கேட்டால் அது அதைவிட எரியும்.

போன வசந்தத்தில் முதலாளியம்மா சீன மலையிலிருந்து ஒரு பெட்டி வரவழைத்தார். பல நூறு வயதான மரங்களில் அந்த வருடம் முதன்முதல் கிள்ளிய கொழுந்தாம். தேயிலை இடுப்பளவுச் செடி என்றுதான் நினைத்திருந்தேன். ஏறிப் பறிக்கிற மரமும் உண்டென்று அன்றுதான் அறிந்தேன். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

ருசி பார்க்க வந்த பெரிய மனிதர்கள் கோப்பைக்குள் மூக்கை விட்டு, பாசி மணக்கிறது, பழைய நூலகம் மணக்கிறது என்றார்கள். இலையை நனைத்த முதல் தண்ணீரை முதலாளியம்மா கீழே ஊற்றினார். எங்கள் வீட்டில் அதைத்தான் சீனி போட்டுக் குடிப்போம்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். "இவர் சிலோன்காரர். உங்கள் வீட்டில் யார் கொழுந்து பறித்தார்கள்?"

எங்கள் யாழ்ப்பாணத்தில் பனை உண்டு, புகையிலை உண்டு. தேயிலை கடைப் பொட்டலத்தில் மட்டும்தான் உண்டு. அதைச் சொன்னால் திரும்பவும் கோப்பை கழுவும் தொட்டிக்குத்தான்.

"என் அம்மா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாயில் சனி. விடியமுன் கூடையோடு மலை ஏறுவார் என்றும் சொன்னேன். ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்தார். மறுநாளே எனக்கு முன்மேசை கிடைத்தது.

கடை என் படத்தோடு அந்தக் கதையை இணையத்தில் போட்டது. பாரிஸுக்கு வெளியே பொபினியில் இருக்கும் தங்கை அதைத் தமிழாக்கி ஊருக்கு அனுப்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அம்மா அழைத்தார்.

"தம்பி, நான் எப்பயடா கொழுந்து பறிச்சனான்? நான் கணக்கு ரீச்சரெல்லோ."

"வேலைக்காகச் சொன்ன பொய் அம்மா."



"கொழுந்து பறிச்சது எங்கடை வீட்டிலை சமைச்சவளெல்லோ, மலைநாட்டிலையிருந்து வந்தவள். அவளுக்குத் தேத்தண்ணி குடுக்கக் கைப்பிடி உடைஞ்ச கோப்பை ஒண்டு புறம்பாய் வச்சிருந்தனான்."

"ஓம் அம்மா."

அந்தக் கோப்பையை எனக்கும் தெரியும். கிணற்றடியில், சாம்பல் சட்டிக்குப் பக்கத்தில் இருக்கும். எங்கள் வீட்டில் வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. அந்த அக்காவே கழுவிக் கவிழ்த்து வைப்பார்.

திங்கட்கிழமை ஒரு முதியவர் வந்தார். அந்த மரத்துத் தேநீரும் அம்மாவின் கதையும் வேண்டும் என்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது. கைப்பிடி உடையாத கோப்பையில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, கூடையிலிருந்து கதையைத் தொடங்கினேன்.