மேடைக்கு மட்டும் விலக்கு

புதுச்சேரியில் கட்டடம் வைத்திருப்பவர்களுக்கு அழத் தெரியாது என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள். சில வருஷங்களாக அந்த அழுகையைக் கேட்பதுதான் எனக்கு உத்தியோகம். மாற்றுத்திறனாளிகள் வந்துபோகிற மாதிரி சாய்தளம், கைப்பிடி, கழிப்பறை எல்லாம் வையுங்கள் என்கிறது சட்டம். புதுக் கட்டடம் என்றால் பேச்சே இல்லை. பழைய கட்டடமாக இருந்தால் ‘எங்களுக்கு இன்ன சிரமம் இருக்கிறது, விட்டுவிடுங்கள்’ என்று விலக்குக் கேட்கலாம். கேட்பவர் சொல்வது நிஜமா நடிப்பா என்று நேரில் போய்ப் பார்த்துக் குழுவுக்கு அறிக்கை எழுதுவது இரண்டு பேர். ஒருத்தி நான், நிர்மலா, உதவிப் பொறியாளர். இன்னொருத்தி சுடர்விழி. மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் சார்பில் சக்கர நாற்காலியில் வருகிறவள்.

கருவடிக்குப்பத்துக்காரி. அப்பா மில் தொழிலாளி. மில்லும் போய் அப்பாவும் போனார். கைக்குழந்தையாக இருக்கும்போதே போலியோ. பள்ளிக்கூடத்தில் வகுப்பை மாடிக்கு மாற்றியபோது இவள் கீழேயே உட்கார்ந்து, மாடியிலிருந்து இறங்கி வருகிற பிள்ளைகளிடம் பாடம் கேட்டுப் படித்தாள். தபாலில் பி.காம். முடித்து ஆடிட்டர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். அம்மாவும் இல்லாத வீட்டில் தம்பி வெற்றிச்செல்வனைப் படிக்கவைத்து ஆளாக்கியது இவள்தான். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் ஊரைச் சுற்றுவாள். வாய் கொஞ்சம் நீளம். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

அவள் விலக்கே தரமாட்டாள் என்று ஊரில் ஒரு பேச்சு. சுத்தப் பொய். சந்துக்குள் ஒரு தையற்கடை, வாசலை ஒட்டியே சாக்கடை. தையல்காரர் எங்களைப் பார்த்ததும் நடுங்கிப்போய் நின்றார். “இங்க ராம்ப் போட்டா தெருவே அடைச்சிக்கும். விலக்கு எழுது. வாசல்ல ஒரு மணி மட்டும் மாட்டட்டும், அடிச்சா அவரு வெளிய வந்து அளவு எடுக்கட்டும்” என்றாள். இன்னொரு நாள் கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டல். முதலாளி வாசற்படியைக் காட்டி, “இது பிரெஞ்சுக்காரன் கட்டினது மேடம், கை வெக்கவே கூடாது” என்று உருகினார். சுடர்விழி குனிந்து படியைத் தடவிப் பார்த்தாள். பளபளவென்று புது டைல்ஸ். “ஏன் சார், பிரெஞ்சுக்காரன் போன வருஷம் வந்து டைல்ஸ் ஒட்டிட்டுப் போனானா?” என்றாள். விலக்குக் கிடையாது என்று எழுதினோம்.

யாரானாலும் அவள் கேட்பது ஒரே கேள்வி. “முடியலையா, மனசில்லையா?”

ஒரே ஒரு பேச்சு மட்டும் அவளிடம் எடுபடாது. ‘அதனால என்னம்மா, நாங்க தூக்கிட்டுப் போயிடுவோம்’ என்பார்களே, அது. இருபது வயதில் ஒரு உறவுக் கல்யாணத்துக்குப் போனபோது நாலு பையன்கள் அவளை நாற்காலியோடு மாடிப் பந்திக்குத் தூக்கினார்கள். புடவை முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. இழுத்துவிடக் கை வரவில்லை. இரண்டு கையும் நாற்காலியைப் பிடித்திருந்தன. வீடியோக்காரன் அதையும் எடுத்தான். வீடு வீடாக அந்த கேசட்டைப் போட்டுப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவள் யாரையும் தூக்கவிட்டதில்லை. இதை என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

போன ஆவணி பிறந்த வாரம் தவளக்குப்பத்துக்கு அந்தண்டை, கடலூர் ரோட்டுமேல் ஒரு கல்யாண மண்டபம். முதலாளி ஜானகிராமன் விலக்குக் கேட்டிருந்தார். வாசலில் வண்டியை நிறுத்தியதும் சுடர்விழி சொன்னாள்: “இதுல நான் வாயத் தொறக்க மாட்டேன். என் தம்பி கல்யாணம் இங்கதான், இன்னும் மூணே வாரம். நீயே பாத்து நீயே எழுது. நான் சொல்லி நீ எழுதினன்னு ஒருத்தன் பேசக் கூடாது.”

எனக்குச் சுருக்கென்றது. மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் மிச்சம் இரண்டு முடிச்சும் போட வேண்டியது மாப்பிள்ளையின் அக்காள் தங்கை. நாத்தனார் முடிச்சு. வெற்றிச்செல்வனுக்கு உடன்பிறந்தவள் இவள் ஒருத்திதான். பெண் பூர்ணிமாவை நிச்சயம் பண்ணின நாளிலிருந்து இவளுக்கு அந்த முடிச்சு நினைப்புதான். பட்டு நூலை வைத்து முடிச்சுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

மண்டபத்தில் வாசலுக்குச் சாய்தளம் இருந்தது. கழிப்பறை சரியாக இருந்தது. சாப்பாட்டுக் கூடமும் தரைமட்டம். குறை சொல்ல இடமில்லை. ஜானகிராமன் விலக்குக் கேட்டது மணமேடைக்கு மட்டும். இடுப்பு உயரத்துக்கு கிரானைட் மேடை, ஏறிப்போகப் படிகள் மட்டும்தான்.

“மேடைக்குப் பொதுஜனம் யாரும்மா போறா? பொண்ணு, மாப்ள, ஐயரு. மத்தவங்க கீழ ஒக்காந்து ஜம்முனு பாக்கட்டும். ராம்ப் கட்டணும்னா முன்னாடி நாற்காலி வரிசையெல்லாம் காலி. எடமே இல்லம்மா, வேற எங்க கட்டுவேன்?”

“மொய்க் கவரைக் கையில புடிச்சிகிட்டு மேடை ஏறாம வீட்டுக்குப் போனவங்க யாராவது இருக்காங்களா சார்? மேல போயி போட்டோ புடிக்கலன்னா கல்யாணத்துக்கு வந்தோம்னே ஒத்துக்க மாட்டாங்க” என்றேன்.

மனுஷர் சிரித்து மழுப்பினார். கூடத்தின் நடுவில் சும்மா உட்கார்ந்திருந்த சுடர்விழியைப் பார்த்தார். தம்பி கல்யாணத்துக்கு மண்டபம் பேச வந்தவள்தானே, அவருக்குத் தெரியும். என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“அம்மாவுக்கு அன்னிக்கு ஒரு குறையும் வராம நான் பாத்துக்கறேன். பொண்ணு ரூமு பக்கத்துல ஒரு நடை இருக்கு. பழைய நாற்காலி போட்டு வெச்சிருக்கேன். அதையெல்லாம் எடுத்துட்டு நீளமா மரப்பலகை போட்டுட்டா, வண்டியோட சொய்ங்குனு மேடைக்கு ஏறிடலாம். அம்மாம் நீளம் இருக்கு. நீங்க மட்டும் விலக்குக்கு நல்லபடியா எழுதிடுங்க.”

“அந்த நடையைக் காட்டுங்க சார்” என்றேன்.

ஆசையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். டேப்பை நீட்டினேன். நீளமும் போதும், அகலமும் போதும், மேடையின் பின்பக்கம்வரை நேராகப் போகிறது. எடமே இல்லை என்றவர் தன் வாயாலேயே எடத்தைக் காட்டிவிட்டார். “ஒரு நாளைக்குப் பலகை போட முடியும்னா எல்லா நாளைக்கும் காங்கிரீட் போட முடியும் சார். விலக்குக்கு வழியில்ல” என்றேன்.

முகம் சுண்டிப்போயிற்று. “அப்படியா சேதி? சரி. கட்டறதுக்கு ஆறு மாசம் டைம் உண்டுல்ல, நிதானமாக் கட்டிக்கறேன். பலகை கிலகை எல்லாம் இப்ப கெடையாது.”

பேனாவைத் திறந்தேன். விலக்குக் கூடாது என்று எழுதினால் இவளுடைய முடிச்சு போச்சு. கூடும் என்று எழுதினால் இனி அந்த மண்டபத்துக்கு வருகிற எவளுக்கும் மேடை இல்லை. கூடத்துக்குத் திரும்பி வந்து சுடர்விழியைப் பார்த்தேன். காலிக் கூடம் எதிரொலிக்குமே, அவளுக்கு எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூடாது என்றுதான் எழுதினேன்.

வெளியே வந்து கண் கலங்கி நின்ற என்னை அவள்தான் அதட்டினாள். “என்னாடி என் மூஞ்சிய அப்படிப் பாக்கற? அந்தப் பலகைக்கு நீ மயங்கியிருந்தா இன்னியோட உன் சங்காத்தமே வேணாம்னு இருப்பேன். வா, வீட்ல காப்பி சாப்புட்டுப் போ.”

வீட்டில் கல்யாணக் களை. பெரியப்பா சம்சாரம் அஞ்சலாட்சிதான் எல்லாவற்றையும் முன்நின்று நடத்திக்கொண்டிருந்தார். மேடைக்கு வழியில்லை என்று கேட்டதும், முன்பே யோசித்து வைத்தது போல முடிவைச் சொல்லிவிட்டார். “என் பொண்ணு மேனகாவும் அவனுக்குத் தங்கச்சிதானே? அவ முடிச்சு போடட்டும். நீ மொத வரிசையில ஒக்காந்து கண்ணு நெறயப் பாரு கண்ணு.”

சுடர்விழி காப்பியைக் கீழே வைத்தாள். “மணவறையக் கீழ ஹால்லயே வெச்சா என்ன பெரியம்மா?”

“கீழயா? மேடைய வெச்சிகிட்டு எவனாவது தரையில தாலி கட்டுவானா?”

“என்னா கஷ்டம்னு சொல்லு.”

ஐயோ, ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். கட்டடத்துக்காரர்களிடம் பேசுகிற அதே குரல்.

“பின்னால ஒக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியாதுடி.”

“ரெண்டு பக்கமும் பெரிய டிவி மாட்டியிருக்கான். அப்புறம்?”

“மேடைக்குப் பூ அலங்காரம் சொல்லியாச்சு.”

“அது ரிசப்ஷனுக்கு இருக்கட்டும். முகூர்த்தத்துக்கு வாழமரமும் தோரணமும் போதும். அப்புறம்?”

“ஐயரு ஒத்துக்க மாட்டாரு.”

“வர்ற வழியிலயே போன் போட்டுக் கேட்டுட்டேன். கெழக்குப் பாத்து எடம் இருந்தா சரின்னுட்டாரு. அப்புறம்?”

அஞ்சலாட்சி புடவைத் தலைப்பை முறுக்கினார். அப்புறம் அடக்க முடியாமல் கொட்டிவிட்டார். “பொண்ணு வீட்டு ஜனம் அம்மாம் பேரும் பாத்துகிட்டு இருப்பாங்கடி. தாலி ஏறுற நேரத்துல, அந்த போட்டோவுல, பொண்ணுக்குப் பின்னால நீ இந்த வண்டியில… நல்ல காரியம்டி அது. நான் எப்படிச் சொல்லுவேன்?”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் காப்பி டம்ளரைத் தூக்கி எறிந்திருப்பேன். சுடர்விழியின் கண்ணில் தண்ணீர் கட்டியது. துடைக்கவில்லை.

“இது கஷ்டம் இல்ல பெரியம்மா. வெக்கம். கஷ்டத்துக்கு விலக்கு உண்டு, வெக்கத்துக்கு நாங்க தர்றதில்ல” என்றாள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வெற்றிச்செல்வன் கதவோரம் நின்றிருந்தான். போனை எடுத்துப் பூர்ணிமாவுக்குப் போட்டு, விஷயத்தைச் சொல்லி, எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தான்.

“கீழயா? அய்யோ, நீங்க நல்லா இருக்கணும்” என்றது பூர்ணிமாவின் குரல். “எங்கப்பாவுக்கு முட்டி வலி. மேடையேறி எப்படித் தாரை வாத்துக் குடுப்பாருன்னு நாங்களே தவிச்சிகிட்டு இருக்கோம். சொன்னா நீங்க தப்பா எடுத்துக்குவீங்களோன்னு வாயே தொறக்கல. அண்ணி பக்கத்துல இருக்காங்களா? அவங்ககிட்ட ஒரு தேங்க்ஸ் சொல்லிடுங்க.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அஞ்சலாட்சி ‘பொண்ணு வீட்டு ஜனம், பொண்ணு வீட்டு ஜனம்’ என்று பயந்து செத்தாரே, அந்த ஜனம் அங்கே முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அஞ்சலாட்சி எழுந்து வந்து சுடர்விழியின் தோளில் கைவைத்து, “எனக்குப் புத்தி கெட்டுப் போச்சுடி. வாழமரத்துக்கு நானே சொல்லிடறேன்” என்றார்.

கல்யாணத்தன்று மேடை காலியாக நின்றது. கூடத்தின் நடுவில் மணவறை, சுற்றிலும் சனம். பெண்ணின் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தாரை வார்த்தார். கெட்டிமேளம் முழங்க வெற்றிச்செல்வன் முதல் முடிச்சைப் போட்டு, தாலிக்கயிற்றை அப்படியே பின்னால் நீட்டினான். சக்கர நாற்காலி பூர்ணிமாவின் முதுகை ஒட்டி நின்றது. மற்ற நாத்தனார்கள் எல்லாம் குனிந்து வளைந்து முடிச்சுப் போடுவார்கள். மணையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கழுத்து இவள் கைக்குச் சரியாக எட்டியது. பூர்ணிமா ஜடையைத் தானே ஒதுக்கிக் கொடுத்தாள். சுடர்விழி அவசரப்படாமல் இரண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டாள். நான் அட்சதையைப் போட மறந்து அழுதுகொண்டிருந்தேன்.

கூட்டம் கலைந்ததும் ஜானகிராமன் பல்லெல்லாம் தெரிய வந்து நின்றார். “பாத்தீங்களாம்மா, கீழயே எவ்ளோ அழகா நடந்துடுச்சு! இனிமே உங்கள மாதிரி யாரு வந்தாலும் மணவறையக் கீழயே போட்டுடலாம். அந்த ராம்ப் இனிமே எதுக்கும்மா?”

அந்த விலக்கைப் பற்றி அவரிடம் அவள் பேசியது அப்போதுதான், அந்த ஒரு தடவைதான். விரலெல்லாம் மஞ்சள்.

“என் தம்பி எனக்காக எறங்கி வந்தான் சார். அடுத்து வர்றவளுக்கு அப்படி ஒரு தம்பி இருப்பான்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?”