பூவம் கிணறும் ஒரு சொட்டு அமிலமும்

சவரிநாதன் சாரின் மகள் போனில், "அங்கிள், அப்பா காலைல தவறிட்டாங்க" என்றாள். அழுகைக்கு முன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. பூவம் கிணற்றுச் சண்டையை முடிக்காமல் ஒரு மனிதர் எப்படிக் கிளம்பலாம்?

காரைக்காலில் எங்களோடு எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்தவர்களுக்கு அவர் பிடிவாதம் தெரியும். சட்டைப் பையில் எப்போதும் நீர்த்த அமிலக் குப்பி இருக்கும். ஒரு சொட்டு விட்டு நுரைத்தால் சுண்ணாம்புக்கல். என் வீட்டுப் புதுமனை புகுவிழாவில், சாப்பிட உட்காருமுன் பளபளக்கும் தரையில் ஒரு சொட்டு விட்டார். பொங்கியது. "கவலைப்படாதம்மா, அசல் மார்பிள்தான், அதுவும் சுண்ணாம்புக்கல் ஜாதி. கடைக்காரன் ஏமாத்தல" என்றார். "அண்ணே, இது வீடுங்க, லேப் இல்ல!" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஜன்னலோரம் அமிலம் அரித்த அந்த மங்கல் வட்டம் போகவே இல்லை.

பூவம் பக்கம் தோண்டியபோது வந்த சுண்ணாம்புக்கல் துண்டில் ஓட்டையெல்லாம் கறுப்பு எண்ணெய்க் கறை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆழத்தில் உருவாகும் எண்ணெய், தண்ணீரைவிட லேசானது, மேலே ஏறும். சுண்ணாம்புக்கல்லில் விரிசலும் தண்ணீர் கரைத்த ஓட்டைகளும்தான் அதற்கு வழி, அவையேதான் வீடு. மேலே கசியாத களிப்பாறை மூடியாக இருந்தால் தேங்கும். இல்லையென்றால் போய்க்கொண்டே இருக்கும்.

அவர் அந்தத் துண்டை லென்ஸில் பார்த்துவிட்டு, "வந்துச்சு சார், தங்கல. கறை இருந்தா வந்துட்டுப் போச்சுன்னு அர்த்தம். இருக்குன்னு அர்த்தமில்ல. மூடி விரிஞ்சிருக்கு" என்றார். "இந்தக் கல்லு எடத்துக்கு எடம் மாறும் சார். கொஞ்சம் தள்ளி இன்னொன்னு போடுவோம்" என்று கத்தினேன். மேலதிகாரி அவர் பக்கம் சாய்ந்தார். கிணற்றை மூடிவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற பிறகும் ஞாயிறு பூசை முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்து, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து இதே சண்டை. 'இருந்திருக்கலாம்' என்று ஒருமுறையாவது சொல்லுங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன். "பாறை சொல்லலியே சார்" என்று காபியை ஆற்றுவார். என்ன மனிதரோ!

கல்லறையிலிருந்து திரும்பியதும், தரைக்குப் பாலிஷ் போட வரச் சொல்லியிருந்த ஆளை வேண்டாம் என்றுவிட்டேன். மனைவியும் மறுக்கவில்லை. அந்த வட்டம் எனக்கு வேண்டும். கறை இருக்கிறது, ஆள் இல்லை. கடைசியில் அவர்தான் ஜெயித்தார். அதைச் சொல்லிக்காட்டவாவது இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து தொலைத்திருக்கக் கூடாதா?