சுந்தரபாயின் மூன்றாவது கஞ்சி

சுந்தரபாய் உடற்கூறியலில் தோற்றிருந்தால் சங்கரன்கோவிலில் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். பி.எஸ்ஸி. நர்சிங் படிக்க மதுரைக்குப் போன பெண் சமையலில் அல்லவா தோற்று வந்தாள்!

1979 ஏப்ரலில், முதலாம் ஆண்டு சத்துணவுப் பாடத்தின் செய்முறைத் தேர்வு. குடற்புண் நோயாளிக்குக் கஞ்சி வைக்கச் சொன்னார்கள். வெறும் கஞ்சியை ஒரு மனுஷனுக்கு எப்படிக் கொடுப்பது என்று மனசு கேட்காமல், இரண்டு மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போட்டுத் தாளித்தும்விட்டாள். தேர்வாளர் அம்மாள் இரண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்து ஃபெயில் போட்டார்.

அப்பா தேவசுந்தரம் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. எந்த விதியிலும் ஒரு சந்து இருக்கும் என்று நம்புகிறவர். கல்லூரியின் விதித்தாள்களை மூன்று நாள் படித்தார்.

“ஏட்டி, எழுத்துப் பரீட்சையில அறுபத்திரண்டு வாங்கிருக்க. அத எதுக்கு மறுபடி எழுதணும்?”

“செய்முறையில போனா ரெண்டுமே போச்சுப்பா. ஜூனியர் பிள்ளைகளோட வகுப்புலயும் உக்காரணும்.”

“எத்தன தடவ எழுதலாம்?”

“மொத்தம் மூணு. ரெண்டாம் வருசத்துக்கு விட்டுருவாக. ஆனா இத முடிக்காம மூணாம் வருசம் ஏற முடியாது. மூணு தடவையும் போனா வீட்டுக்கு வந்துர வேண்டியதுதான்.”

தேவசுந்தரம் கல்லூரிக்கு நான்கு பக்க மனு எழுதினார். முதல்வரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: ‘விடுமுறையில் மகளைக் காரமில்லாமல் சமைக்கப் பழக்கவும்.’

பழக்கினார்கள். சாப்பிட்டவர் தேவசுந்தரம். ஆபீசில் அவருடைய தூக்குவாளியைத் திறந்து பார்த்த சக குமாஸ்தா மூக்காண்டி, “அண்ணாச்சி, டாக்டர் என்ன சொல்லுதாரு?” என்று கவலையோடு விசாரித்தார்.

அக்டோபரில் இரண்டாவது தேர்வு. இந்தத் தடவை சர்க்கரை நோயாளி. சுந்தரபாய் மிளகாய் இருந்த பக்கமே திரும்பவில்லை. கேழ்வரகுக் கஞ்சியில் மட்டும், பாவம் என்று, அரைக் கரண்டி வெல்லம். மறுபடி ஃபெயில்.

அன்று அவள் உண்மையாகவே அழுதாள். இரண்டு நாள் வீட்டுக்குக் கடிதம் எழுதவில்லை. ஜூனியர் வகுப்பின் கடைசி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கடையநல்லூர் ஜுலைகா பீவிதான் மெல்லச் சொன்னாள்: “அக்கா, நீங்க நோயாளி நாக்கப் பாத்துப் பரிதாபப்படுதிய. அவரு உசுரோட வீட்டுக்குப் போவணும்னு நெனச்சுச் சமைங்க.”

மறு ஏப்ரலில் கடைசி வாய்ப்பு. சிறுநீரக நோயாளிக்கு உப்பில்லாக் கஞ்சி. கை இரண்டு தடவை உப்பு ஜாடி வரைக்கும் போயிற்று. ஜாடியைத் தூக்கிக்கொண்டுபோய் ஜன்னலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள். அதே தேர்வாளர் அம்மாள். ஒரு வாய் வைத்ததுமே முகம் சுளித்தது.

“சகிக்கல,” என்றார். “பாஸ்.”

தேவசுந்தரம் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருகிறவர்களிடமெல்லாம், “மத்த பிள்ளைக ஒரு தடவ படிக்கிறத எம்மவ மூணு தடவ படிச்சிருக்கா,” என்று பெருமையாகச் சொன்னார்.

ஜூனில் மூன்றாம் வருட வகுப்புக்காக சுந்தரபாய் மதுரை பஸ் ஏறினாள். உள்ளே ஜுலைகா பீவி கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். உடற்கூறியல் போய்விட்டதாம்.

“மறுபடி எழுத என்னக்கா விதி?”

சுந்தரபாய் பக்கத்தில் உட்கார்ந்து, விதித்தாள்களை முதல் பக்கத்திலிருந்து ஒப்பிக்க ஆரம்பித்தாள்.