பகலில் தூங்குகிறார்களா என்று கேட்ட டாக்டர்

வைதேகி டாக்டர் இறந்துவிட்டார். இன்று காலை, மும்பை மாட்டுங்காவில்.

பழைய வார்டு ஆயா ஒருவரின் மகன் போன் செய்தான். "அங்கிள், ஆப் கீ டாக்டர் ஆஃப் ஹோ கயீ." உங்கள் டாக்டர் போய்விட்டார் என்று. அவ்வளவுதான் சொன்னான். 

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. எண்பதுகளில் எங்கள் தாராவி ஜனங்கள் போகும் முனிசிபல் ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்தார். மஞ்சள் காமாலை வந்தவர்களில் சிலருக்கு மட்டும் ஏன் திடீரென்று ஈரல் நின்றுபோகிறது, அதிலும் கர்ப்பிணிகளுக்கு ஏன் இத்தனை வேகமாக... இதுதான் அவருடைய ஆராய்ச்சி.

என் முதல் மனைவியை அவரிடம்தான் கொண்டுபோனேன்.

ஜமீலாவுக்கு அப்போது ஏழு மாதம். கண் மஞ்சளானதும் தாராவியில் எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். பக்கத்துச் சந்தில் ஒரு பாபா, வேர்த்துண்டுகளை நூலில் கட்டி மாலை போடுவார். முதலில் தலையில் வளையம் மாதிரி உட்காரும். நூல் தளரத் தளரக் கழுத்துக்கு இறங்கும், பிறகு நெஞ்சுக்கு. மாலை இறங்கினால் காமாலை இறங்குகிறது என்று அர்த்தம்.

ஜமீலாவுக்கு நன்றாகவே இறங்கியது. எங்களுக்கு ஒரே சந்தோஷம்.

அதோடு அவள் தூங்கவும் ஆரம்பித்தாள். பகலெல்லாம் தூக்கம். மாமியார் என்னை வாசலிலேயே நிறுத்திவிடுவார். "பிள்ள இப்பதான் அசந்து தூங்குது. எழுப்பாதிய."

எழுந்தபோது பெற்ற உம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "இது யாரு வீடு? எங்க உம்மா எங்க?" என்று கேட்டாள்.

டாக்ஸி பிடித்து ஓடினோம். வைதேகி டாக்டர் அவள் கண்ணைக்கூட அதிகம் பார்க்கவில்லை. "கையை முன்னாடி நீட்டும்மா" என்றார். நீட்டிய கை நிற்காமல் அடித்துக்கொண்டது. பிறகு என்னிடம் திரும்பி, "பகல்ல தூங்கறாளா? எப்பலேர்ந்து?" என்றார்.

அது தூக்கம் இல்லையாம். ஈரல் சுத்தம் செய்யாமல் விட்ட விஷம் மூளைக்கு ஏறுவதாம்.

எங்கள் லெதர் பட்டறைக்கு வரும் ஒரு சேட் சொல்லிக் கேட்டிருந்தேன், வெளிநாட்டில் ஈரலையே மாற்றுகிறார்கள் என்று. டாக்டர் முன்னால் போய் நின்றேன். "எனக்க ஈரல எடுத்துக்கிடுங்கம்மா. முழுசா எடுத்தாலும் சரி."

சிரிக்கவில்லை அவர். "அங்கே பண்றா. மூளை செத்துப்போனவாகிட்டேர்ந்து எடுத்து வைக்கறா. இங்கே அதுக்குச் சட்டமும் இல்லை, பண்றதுக்கு ஆளும் இல்லை. நான் பொய் சொல்லி உங்களை உக்கார வைக்க மாட்டேன்."

எனக்கு வந்த கோபம்... ஒரு ஆறுதல் வார்த்தை சொன்னால் இந்த அம்மாவுக்கு என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

ஜமீலா போய்விட்டாள். வயிற்றுப் பிள்ளையும்.

அதற்குப் பிறகுதான் டாக்டர் அதைக் கேட்டார். ஈரலில் ஒரு சின்னத் துணுக்கு, ஊசியால். உயிரோடு இருக்கும்போது குத்தினால் இவர்களுக்கு ரத்தம் நிற்காது. அதனால் இப்போதுதான் எடுக்க முடியும்.

என் மாமனார் பாய்ந்தார். "மையத்துல, செத்த உடம்புல ஊசி குத்தப் போறியளா?"

"முடியாதுன்னா விட்டுடறேன். கோச்சுக்க மாட்டேன்."

"எடுத்தா அடுத்த பிள்ள பொழச்சிருமா?"

"தெரியாது. பாத்தாத்தான் தெரியும்."

 மாமனார், "எடுத்துக்கிடுங்க" என்றார். அந்த "தெரியாது"க்காகத்தான் சம்மதித்தேன் என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

ஜூனியர் யாரையும் விடாமல் டாக்டரே எடுத்தார். ஜமீலாவைக் குளிப்பாட்டிய பெண்கள் வந்து சொன்னார்கள்... ஊசி குத்திய இடத்தைத் துடைத்து, பஞ்சு வைத்து, பிளாஸ்திரி ஒட்டியிருந்ததாம். ஆறப்போகிற காயத்துக்கு ஒட்டுகிற மாதிரி.

அடுத்த வாரம் அவரை எங்கள் சந்தில் பார்த்தேன். பருத்திப் புடவை, தோளில் பை, சாக்கடையைத் தாண்டித் தாண்டி வருகிறார். நேராக மாலை போடும் பாபாவிடம் போனார். இன்றைக்கு பாபா தொலைந்தார் என்று நினைத்தேன். ஆனால் சண்டையே இல்லை. நீங்கள் மாலை போடுங்கள், பகலில் தூங்குகிறவர்களை மட்டும் உடனே என்னிடம் அனுப்புங்கள் என்று அவருக்குப் புரிகிற ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

பாபாவும் அனுப்பினார். மாலையைக் கையில் எடுக்கும் முன்பே "தின் மே சோதீ ஹை க்யா?", பகலில் தூங்குகிறாளா என்று கேட்பார். ஆம் என்றால் மாலை கிடையாது, டாக்ஸிதான்.

அதனால் நிறையப் பேர் பிழைத்தார்கள் என்று எழுத ஆசைதான். இல்லை. சிலர் பிழைத்தார்கள். பலர் சீக்கிரம் போயும் பிழைக்கவில்லை. அப்போது அவர் கையில் பெரிதாக மருந்து ஒன்றும் இல்லை.

பல வருடம் கழித்து மாட்டுங்கா மார்க்கெட்டில் பார்த்தேன். நரைத்துவிட்டார். இந்த ஊரிலேயே ஈரல் மாற்றுகிற காலம் வந்துவிட்டிருந்தது. தாராவிக்காரன், லெதர் பட்டறை என்று மட்டும் சொல்லிவிட்டு, மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

"இப்ப நடந்திருந்தா என் வீட்டுக்காரி பொழச்சிருப்பாளா டாக்டர்?"

வாங்கிய வெண்டைக்காயைப் பையில் போட்டார். 

"குழந்தையைப் பத்திச் சொல்ல முடியாது. ஜமீலா பிழைச்சிருக்கலாம்."

பேரை நான் சொல்லவே இல்லை.

ஜமீலாவுக்குப் பிறகு எனக்கு வேறு கல்யாணம் ஆனது. பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள், நவி மும்பை கோபர்கைரனேயில் நல்ல வேலையில் இருக்கிறார்கள். ஜமீலா என்று ஒருத்தி இருந்தது அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தமிழ் வாசிக்க வராது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மாமனார், மாமியார் எல்லாம் போன பிறகு, இந்த ஊரில் அவள் பேர் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தோம். இனி நான் மட்டும்தான்.

அல்லாஹ் உங்களுக்கு நல்ல இடம் தரட்டும், டாக்டர்.