மனைப்பிரிவுக்குத் தம்பி போட்ட கையெழுத்து

ஊரமைப்பு ஆபீசில் மாடி ஏறியதும் எதிர்ச் சுவரில் பெரிய வரைபடம் ஒன்று மாட்டியிருந்தது. வீடு கட்டலாம் என்கிற இடம் மஞ்சள், தொழிற்சாலைக்கு ஊதா, விவசாயத்துக்குப் பச்சை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினால் எங்கள் ஊர் முழுக்கப் பச்சையாக இருந்தது. அதில் என் நாலு ஏக்கரை மட்டும் மஞ்சளாக்க எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற பஸ்ஸில் ஏறி, நடுவில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் நிலம். அப்பா காலமான பிறகு எட்டு ஏக்கரை எனக்கும் தம்பிக்கும் பிரித்தார்கள். பங்காளிகள் சும்மா இருப்பார்களா? "நகை நட்டுப் போட்டுத்தான கட்டிக்குடுத்தாச்சு. பொம்பளப்புள்ளைக்கு எதுக்குங்க காடு?" என்று பெரியப்பா மகன் கூட்டத்தில் கேட்டார். சேலத்தில் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கத்தியவளுக்கு அவருக்குப் பதில் சொல்வதா கஷ்டம்? நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

"அக்காளுக்குப் பாதிங்க. சர்வேயருக்குச் சொல்லியாச்சு," என்றான்.

அவன் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். அதிகம் பேசமாட்டான். கல் நடுகிற அன்று ரோட்டை ஒட்டிய பாதியை, நல்ல விலை போகும் என்று தெரிந்தே, எனக்கு விட்டுக்கொடுத்தான். உள்பக்கம் அவனுக்கு. அங்கேதான் அவன் கோழிக்கொட்டாய் இருந்தது. முட்டைக்கோழி. நாமக்கல் பக்கத்துப் பெரிய பண்ணைகளைப் பார்த்தவர்கள் இதைப் பண்ணை என்றே சொல்லமாட்டார்கள். இரண்டே கொட்டாய், அவனும் அவன் மனைவியும்தான் எல்லா வேலையும். ஆனால் வீட்டுச் செலவும் இரண்டு பிள்ளைகளின் காலேஜும் அந்தக் கூண்டுகளிலிருந்துதான் வந்தன.

எனக்கு விவசாயம் வராது. ஓய்வு பெற்றதும் என் பாதியை வீட்டுமனையாகப் பிரித்து விற்றுவிட முடிவு செய்தேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, என் பங்கு, என் இஷ்டம். முன்பெல்லாம் ஜேசிபியை விட்டு நிரவி, வெள்ளைக்கல் நட்டு, கலர்க்கொடி கட்டினால் மனை தயார். இப்போது அப்ரூவல் இல்லாத மனையைப் பத்திர ஆபீசில் பதியமாட்டார்கள். அப்ரூவலுக்கு முன்னால் நிலத்தின் வகைப்பாட்டை மாற்ற வேண்டும். பஞ்சாயத்துத் தீர்மானம், வேளாண்மை ஆபீசிலிருந்து தடையில்லாச் சான்று, தெருவுக்கு இத்தனை அடி அகலம், பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைப் பஞ்சாயத்துக்குத் தானப்பத்திரம் எழுதுவது என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். பலரும் திட்டிக்கொண்டே செய்வார்கள். நான் திட்டவில்லை. மார்ஜின் விடாமல் எழுதுகிற பிள்ளைக்கு மார்க்கைக் குறைத்தவள் நான். இந்த ஒழுங்கெல்லாம் எனக்குப் பிடிக்கும். தெருவும் பூங்காவும் கோடு போட்டுக் காட்டிய வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

இடம் பார்க்க வந்த அதிகாரிதான் வேலிக்கு அப்பால் இருந்த கொட்டாயைக் காட்டினார். கோழிப்பண்ணை நடக்கிற இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று விதி. அளந்து பார்த்ததில் கடைசி இரண்டு வரிசை மனைகள் அந்தத் தூரத்துக்குள் வந்தன. அவர் இரண்டு வழி சொன்னார். அந்த இரண்டு வரிசையை விட்டுவிட்டு மிச்சத்துக்கு அப்ரூவல் வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால், மூன்று வருடத்துக்குள் கொட்டாயைப் பிரித்துவிடுகிறேன் என்று பண்ணைக்காரர் முத்திரைத்தாளில் உறுதிமொழி தர வேண்டும்.

இரண்டு வரிசையை விட எனக்கு மனசு வரவில்லை. மனை வேலையை எடுத்துச் செய்த புரோக்கர் அதற்குத் தூபம் போட்டார். "எல்லாரும் எழுதிக் குடுக்கறதுதானுங்க மேடம். சும்மா ஒரு ஃபார்மாலிட்டிங்க. ஃபைல்ல கெடக்கும், யாரு வந்து பாக்கப்போறாங்க?" என்றார். மறுநாளே டைப் செய்த தாளைக் கொண்டுவந்து கொடுத்தார்.

இந்த இடத்தில் நான் சுற்றி வளைக்க விரும்பவில்லை. அந்தத் தாளை முழுக்கப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். பிறகு பஸ் ஏறிப் போய்த் தம்பியிடம் நீட்டினேன். அவன் தீவனம் கலந்துகொண்டிருந்தான், முழங்கை வரைக்கும் மக்காச்சோள மாவு.

"என்னங்க்கா இது?"

"மனை அப்ரூவலுக்குப் பக்கத்து நெலத்துக்காரங்க கையெழுத்து வேணுமாம் சாமி."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, "எங்கீங்க போடோணும்?" என்று கேட்டான். காட்டிய இடத்தில் போட்டான். காப்பி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான்.

மனைகள் சீக்கிரமே விற்றன. கடைசி வரிசையில் முதல் வீட்டைக் கட்டியவர் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியில் வேலை பார்ப்பவர். வருடத்தில் பாதிக்கு மேல் வடக்கே எங்கேயாவது போர் போட்டுக்கொண்டிருப்பார். அந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. பின்னாலேயே வரிசையாக வீடுகள் எழும்பின. மூன்று வருடம் போய் நாலாவது வருடமும் வந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் அந்தத் தாளை மறந்தே போனேன்.

அந்த வருடம் மழை கூடுதல். கொட்டாய்க்கு அடியில் எரு ஈரமாகி ஈ மொய்த்தது. ஒருநாள் போயிருந்தபோது ரிக் வண்டிக்காரர் மனைவி என்னிடம், "கொசுவலைக்குள்ள உக்கார வெச்சுத்தானுங்க புள்ளைக்குச் சோறு ஊட்டறேன்," என்றாள். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. நான் உட்கார்ந்திருந்த பத்து நிமிடத்தில் என் டம்ளரிலேயே ஈ விழுந்தது. தம்பியும் சும்மா இருக்கவில்லை. சுண்ணாம்பு தூவினான், மருந்தடித்தான், எருவை முன்னைவிடச் சீக்கிரம் லாரியில் ஏற்றி அனுப்பினான். ஈ குறையவில்லை. ஒரு திங்கட்கிழமை மனுநாளில் மனைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்துவிட்டார்கள்.

தம்பி பயப்படவில்லை. எனக்குப் போன் செய்தான்.

"கொட்டாய் மொதல்லருந்தே இருக்குதுங்க்கா. ஊடுங்க பொறகால வந்தது. ஆபீசர் வாரப்ப நீங்களும் வந்து அதச் சொல்லிப்போட்டீங்கன்னாப் போதும்."

வருகிறேன் என்று போனை வைத்த பிறகுதான் அந்தத் தாள் ஞாபகம் வந்தது. புரோக்கரைக் கூப்பிட்டு அந்த உறுதிமொழித் தாள் இன்னும் இருக்குமா என்று கேட்டேன். "ஃபைல் இருந்தா இருக்குமுங்க மேடம்," என்றார், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி. அதிகாரி வர நாலு நாள் இருந்தது. தம்பியிடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். காலையில் சொல்லலாம், சாயங்காலம் சொல்லலாம் என்று நாலு நாளும் ஓடிப்போனது. பயந்தேன், அவ்வளவுதான்.

அன்று அவன் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றான். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே பழைய கரண்ட் அட்டை, கொட்டாய் கட்டியபோது வாங்கிய பேங்க் கடன் பத்திரம். வேலிக்கு அந்தப் பக்கம் மனைக்காரர்கள் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். வந்த அதிகாரி சின்ன வயதுப் பெண், மரியாதையாகத்தான் பேசினார். தம்பி அட்டையை எடுத்து நீட்டி, "தேதியப் பாருங்க. அப்ப இங்க ஒரு ஊடு கெடையாதுங்க. எங்கக்காவக் கேளுங்க," என்றான்.

கேட்டார். ஆமாம், கொட்டாய்தான் முதலில் என்றேன். தம்பி வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். முகத்தில் ஒரு தெம்பு.

"அது சரிங்கண்ணா," என்ற அந்தப் பெண், தன் ஃபைலைப் புரட்டி ஒரு தாளை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். "இது உங்க கையெழுத்துங்களா?"

அவன் தாளை வாங்கிக்கொண்டான். அவன் மெதுவாகத்தான் படிப்பான். மேல்வரியிலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் இறங்கி, 'மூன்று வருடத்துக்குள்' என்ற இடத்தில் நின்றது. திரும்பவும் மேலே போய் மறுபடி இறங்கியது. கொட்டாய்க்குள் அவன் மனைவி முட்டை அடுக்குவதை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்திருந்தாள்.

"ஆமாங்க, என்ர கையெழுத்துத்தான்," என்றான். பிறகு என்னைப் பார்த்தான். "அக்கா, நீங்க படிச்சுப்போட்டுத்தான குடுத்தீங்க?"

படிக்கவில்லை, புரோக்கர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"ஆமா சாமி. படிச்சேன்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். கரண்ட் அட்டையைக் கவருக்குள் போட்டான். தாளை அந்தப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தான். அவன் பேச்சில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"எங்கக்கா படிச்சுப் பாத்துக் குடுத்ததுன்னா, மாத்திப் பேசறதுக்கு ஒண்ணுமில்லீங்க," என்றான். "இருக்கற கோழிய வித்துப்போட்டுக் கொட்டாயப் பிரிச்சுப் போடறேனுங்க. எத்தன நாள் டைம் குடுப்பீங்க?"